வங்கிக்கும் ஒரு பரீட்சை: பெரிய வங்கிகள் நெருக்கடியைத் தாங்குமா?



"இலங்கை மத்திய வங்கியின் குறிக்கோள்கள் இரண்டைக் குறிப்பிடுக" என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் விடை எழுதிவிடுவீர்கள். பழைய கைந்நூல்களில் "பொருளாதார மற்றும் விலை உறுதிப்பாடு, நிதியியல் முறைமை உறுதிப்பாடு" என்று இருக்கும். 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டத்தின் பின்னர் உள்நாட்டு விலை உறுதிப்பாடு முதன்மைக் குறிக்கோளாகவும், நிதியியல் முறைமை உறுதிப்பாடு மற்றைய குறிக்கோளாகவும் உள்ளன. இரண்டு புள்ளியும் கிடைக்கும். ஆனால் "நிதியியல் முறைமை உறுதிப்பாடு என்றால் என்ன, அதை மத்திய வங்கி எப்படி அறிந்துகொள்கிறது?" என்று அடுத்த பகுதி வந்தால் பலருடைய பேனை நின்றுவிடுகிறது. மனப்பாடம் செய்த சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாததே அதற்குக் காரணம். அதை அறிய மத்திய வங்கி பயன்படுத்தும் ஒரு வழியைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம். அதன் பெயர் அழுத்தச் சோதனை. சில நூல்களில் அழுத்தப் பரிசோதனை என்றும் இருக்கும்.

ஒரு குளத்தின் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாகாமக் குளத்துக் கட்டு வழக்கமான மாரி மழைக்குத் தாங்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் கேட்கும் கேள்வி அதுவல்ல. "வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு மழை மூன்று நாள் விடாமல் பெய்தால்?" என்பதே அவருடைய கேள்வி. மழை பெய்யும் வரை காத்திருந்து பார்க்க முடியாது. கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். வங்கிக்கும் அப்படித்தான். நாட்டின் உற்பத்தி சுருங்கி, வேலையின்மை கூடி, வட்டி வீதம் ஏறி, ரூபாவின் பெறுமதி விழுந்தால் ஒரு வங்கி எவ்வளவு நட்டப்படும், அந்த நட்டத்தின் பின்னரும் அது நிமிர்ந்து நிற்குமா என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்ப்பதே அழுத்தச் சோதனை எனப்படும்.

வங்கி ஏன் மற்றக் கடைகளைப் போன்றதல்ல?

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை நட்டப்பட்டு மூடினால் முதலாளிக்குக் கஷ்டம், அவருக்குச் சாமான் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஒரு பெரிய வங்கி மூடினால் அப்படியல்ல. காரணம் அதன் ஐந்தொகையில் இருக்கிறது. நீங்கள் படித்த கணக்கீட்டுச் சமன்பாட்டை நினைவுபடுத்துங்கள்:

சொத்துக்கள் = பொறுப்புக்கள் + உரிமையாண்மை

துணிக்கடையில் உரிமையாளரின் சொந்தப் பணம் பாதியாவது இருக்கும். வங்கியில் உரிமையாண்மை மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் பொறுப்புக்கள். அதாவது மக்களின் வைப்புக்கள். உங்கள் அம்மம்மாவின் நிலையான வைப்பும், மீன் வாடிக்காரரின் நடைமுறைக் கணக்கும், வெளிநாட்டில் இருந்து அனுப்பிய பணமும் வங்கிக்குப் பொறுப்புக்கள். அந்தப் பணத்தைத்தான் வங்கி இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால் முதலில் நட்டப்படுவது உரிமையாண்மை. அது கரைந்து முடிந்தால் அடுத்த நட்டம் வைப்பாளர் தலையில்.

எனவே வங்கியின் சொந்த மூலதனம் ஒரு மெத்தை போன்றது. மெத்தை எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாசல் 3 எனப்படும் சர்வதேச நியமங்களின்படி இலங்கையில் 2019 ஜனவரி முதல் ஒரு வங்கியின் மொத்த மூலதனம் அதன் இடர்நேர்வு நிறையேற்றிய சொத்துக்களில் ஆகக் குறைந்தது 12.5 சதவீதமாக இருக்க வேண்டும். நாட்டின் முறைமைக்கு மிக முக்கியமானவை என மத்திய வங்கி அடையாளம் கண்ட பெரிய வங்கிகள் இதற்கு மேலாகவும் வைத்திருக்க வேண்டும். பெரிய வங்கி சாய்ந்தால் பக்கத்தில் நிற்பவற்றையும் சேர்த்துச் சாய்க்கும் என்பதே காரணம்.

"இடர்நேர்வு நிறையேற்றிய" என்ற நீண்ட சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சொத்துக்கும் அதன் ஆபத்துக்கு ஏற்ப ஒரு நிறை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கையிருப்புக் காசுக்கு நிறை பூச்சியம். சாதாரண வியாபாரக் கடனுக்கு 100 சதவீதம். அரசாங்கம் ரூபாவில் வெளியிடும் திறைசேரி முறிகளுக்கும் பூச்சியம். அரசாங்கம் தன் சொந்த நாணயத்தில் பட்ட கடனைக் கட்டாமல் விடாது என்ற எடுகோளில். இந்தப் பூச்சியத்தை மறக்காமல் வைத்திருங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது திரும்பி வரும்.

ஒரு வங்கியைச் சோதித்துப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு சிறிய கற்பனை வங்கியை எடுப்போம். அதை 'அ' வங்கி என்போம். தொகைகள் ரூபா மில்லியனில்.

காசு 10
திறைசேரி முறிகள் 30
கடன்களும் முற்பணங்களும் 60
மொத்தச் சொத்துக்கள் 100

வைப்புக்கள் 91
உரிமையாண்மை 9

காசுக்கும் முறிகளுக்கும் நிறை பூச்சியம் என்பதால் நிறையேற்றிய சொத்து 60 மட்டுமே. மூலதனப் போதுமை விகிதம் = 9 ÷ 60 × 100 = 15 சதவீதம். தேவையோ 12.5. வங்கி சுகமாக இருக்கிறது.

முதலில் மிதமான சூழ்நிலை. கடன்களில் 5 சதவீதம், அதாவது 3 மில்லியன், அறவிட முடியாமற் போகிறது. ஈடாக வைத்த காணியையும் வாகனத்தையும் விற்றுப் பாதியை மீட்கலாம் எனக் கொண்டால் நட்டம் 1.5. அந்த வருடத்தில் வங்கியின் வழமையான இலாபம் 2 எனின் நட்டத்தை இலாபமே விழுங்கிவிடும். உரிமையாண்மை 9.5 ஆகிறது. வங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. இலாபம்தான் முதல் மெத்தை, மூலதனம் இரண்டாவது மெத்தை என்பதை இங்கே கவனியுங்கள்.

இனிக் கடுமையான சூழ்நிலை. கடன்களில் 20 சதவீதம், அதாவது 12 மில்லியன், வீழ்ச்சியடைகிறது. பாதி மீட்கப்படுகிறது. நட்டம் 6. வியாபாரம் படுத்த வருடம் என்பதால் இலாபமும் 1 ஆகக் குறைகிறது.

உரிமையாண்மை = 9 + 1 − 6 = 4
கடன்கள் = 60 − 6 = 54
விகிதம் = 4 ÷ 54 × 100 = 7.4 சதவீதம்

வங்கி முறிந்துவிடவில்லை, வைப்பாளரின் பணத்தில் கை வைக்கவும் இல்லை. ஆனால் 12.5 சதவீதத்துக்கு 6.75 மில்லியன் தேவை. இருப்பது 4. குறைநிரப்ப வேண்டியது 2.75 மில்லியன். அழுத்தச் சோதனையின் பயன் இந்த ஒரு தொகைதான். "உங்கள் வங்கி கெட்டது" என்று சொல்வதல்ல அதன் வேலை. "மழை வருமுன் கட்டை இவ்வளவு உயர்த்து" என்று சொல்வதே. வங்கி புதிய பங்குகளை வெளியிடலாம், அல்லது பங்கிலாபத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம்.

பரீட்சையில் சிலர் இந்த இடத்தில் 4 ஐ 60 ஆல் பிரித்துவிடுகிறார்கள். நட்டம் மூலதனத்தில் மட்டுமல்ல, கடன்களிலும் கழிக்கப்பட வேண்டும். இரட்டைப் பதிவு முறையை மறக்க வேண்டாம்.

இருபது சதவீதம் என்பது மிகைப்படுத்தலா?

"ஐந்தில் ஒருவர் கடன் கட்டாமல் விடுவாரா, சேர்?" என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. கடன்காரர்கள் தனித்தனியாக விழுந்தால் அப்படி ஆகாது. சேர்ந்து விழுந்தால் ஆகும்.

நமது கரையோரத்தையே பாருங்கள். அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ உள்ள ஒரு வங்கிக் கிளை யாருக்குக் கடன் கொடுக்கிறது? வட்டையில் வேளாண்மை செய்பவருக்கு. நெல் வாங்கும் அரிசி ஆலைக்காரருக்கு. உழவு இயந்திரத்தையும் லொறியையும் தவணைக்கு எடுத்தவருக்கு. உரமும் எண்ணெயும் விற்கும் கடைக்காரருக்கு. அறுவடைக்குப் பின் நகை மீட்கலாம் என்று அடகு வைத்த குடும்பத்துக்கு. ஐந்து விதமான கடன்கள், ஐந்து விதமான படிவங்கள். ஆனால் ஐந்துக்கும் அடியில் இருப்பது ஒரே நெல். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்துவிட்டது. விவசாயிக்கு விளைச்சல் இல்லை எனில் ஆலைக்கு நெல் இல்லை, லொறிக்கு ஏற்று கூலி இல்லை, கடையில் கொப்பிக் கடன் ஏறுகிறது, நகை அடகிலேயே இருக்கிறது. புத்தகத்தில் ஐந்து ஆபத்தாகத் தெரிந்தது உண்மையில் ஒரே ஆபத்து.

எனவே நல்ல சோதனை "ஒரு கடன் கெட்டால்?" என்று கேட்பதில்லை. ஒரு அதிர்ச்சி எத்தனை கடன்களை ஒன்றாகத் தொடும் என்று கேட்கும். மிகப் பெரிய கடன்பெறுநர் சிலர் ஒரே நேரத்தில் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கும். நாட்டளவில் இந்த இரண்டாவது கேள்விக்கு உதாரணம் வேண்டுமானால் இரண்டு அரச வங்கிகளைப் பாருங்கள். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களுக்குப் பெருந்தொகைக் கடன் கொடுத்திருந்தன. எரிபொருள் இறக்குமதிக்கான கடன் டொலரில் இருந்தது. கூட்டுத்தாபனம் விற்பதோ ரூபாவில். ரூபா விழுந்தபோது கடன் தானாகப் பெருத்தது. கடைசியில் அந்த டொலர்க் கடனை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது.

வினாத்தாளைத் தயாரிப்பது யார்?

மாணவர்களாகிய உங்களுக்கு இது நன்றாக விளங்கும். வினாத்தாள் இலகுவாக இருந்தால் எல்லோரும் சித்தியடைவார்கள்; அதனால் எல்லோரும் கெட்டிக்காரர் ஆகிவிடமாட்டார்கள். வங்கிகளின் பரீட்சையிலும் இதுதான் பெரிய சிக்கல். உலகில் நடந்த மூன்று சோதனைகளைப் பார்த்தால் போதும்.

ஐக்கிய அமெரிக்காவில் 2008 செப்டெம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி முறிந்தது. எந்த வங்கியின் உள்ளே எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வங்கிகளே ஒன்றையொன்று நம்பவில்லை. 2009 இல் அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ் 19 பெரிய வங்கி நிறுவனங்களைச் சோதித்தது. வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டும் என்று வினாத்தாளில் வைத்தார்கள். மே 7 ஆந் திகதி வங்கிகளின் பெயருடன் பெறுபேறுகளை வெளியிட்டார்கள். 10 வங்கிகள் ஏறத்தாழ 75 பில்லியன் டொலர் மூலதனம் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது. மோசமான செய்திதானே? ஆனால் அதன் பின் பயம் குறைந்தது. ஓட்டையின் அளவு தெரிந்துவிட்டதல்லவா. அந்த வருடம் ஒக்டோபரில் வேலையின்மை உண்மையாகவே 10 சதவீதத்தைத் தொட்டது. வினாத்தாள் கடினமாக இருந்தது வீணல்ல.

ஐரோப்பாவில் 2010 ஜூலையில் 91 வங்கிகளைச் சோதித்தார்கள். 7 மட்டுமே தவறின. அயர்லாந்தின் இரண்டு பெரிய வங்கிகளும் சித்தி. நான்கு மாதம் கழித்து, நவம்பரில், அதே வங்கிகளின் நட்டத்தைத் தாங்க முடியாமல் அயர்லாந்து அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கைநீட்டியது. எங்கே பிழைத்தது? பல இடங்களில். முக்கியமாக ஒன்று: அரசாங்கங்கள் வெளியிட்ட முறிகளை வங்கிகள் முதிர்ச்சி வரை வைத்திருப்பதாயின் அவற்றுக்கு நட்டமே வராது என்று வினாத்தாளில் எடுத்துக்கொண்டார்கள். கேட்கப் பயந்த கேள்வி அது. ஒரு அரசாங்கம் கடன் கட்டாமல் விடலாம் என்று இன்னொரு அரசாங்கத்தின் அதிகாரிகள் எழுத்தில் எழுதுவது லேசான காரியமல்ல.

மூன்றாவது, 2023 மார்ச்சில் வீழ்ந்த அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கி. அது கடன் கொடுத்துக் கெடவில்லை. மிகப் பாதுகாப்பானவை எனப்பட்ட அரச முறிகளை வாங்கி வைத்திருந்தது. வட்டி வீதம் ஏறியதும் முறிகளின் பெறுமதி இறங்கியது. ஏன் இறங்கும்? இலகுவான கணக்கு. ஒரு வருடத்தில் முதிரும் 100 ரூபா முறி, வட்டி 10 சதவீதம் எனில் முடிவில் 110 ரூபா கிடைக்கும். சந்தை வட்டி 30 சதவீதமானால் அந்த 110 ரூபாவுக்கு இன்று ஒருவர் கொடுக்கக்கூடியது 110 ÷ 1.30, அதாவது சுமார் 84.60 ரூபா மட்டுமே. 2022 ஆம் ஆண்டு பெடரல் ரிசேர்வ் பெரிய வங்கிகளுக்கு வைத்த கடுமையான சூழ்நிலையில் வட்டி வீதம் பூச்சியத்துக்கு அருகில் விழுவதாகவே இருந்தது. வட்டி ஏறும் என்ற கேள்வியே அதில் இல்லை. சிலிக்கன் வலி வங்கியோ அந்தச் சோதனைக்கும் உட்பட்டிருக்கவில்லை.

சூழ்நிலை "கடுமையானதாகவும் ஆனால் நடக்கக்கூடியதாகவும்" இருக்க வேண்டும் என்பது விதி. நடக்கக்கூடியது எது என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு நம் பக்கத்து மக்கள் காற்றைப் பற்றிக் கேட்கத் தெரிந்துகொண்டார்கள். வெள்ளத்தைப் பற்றி எப்போதும் தெரியும். 2004 டிசம்பர் 25 ஆந் திகதி "கடல் ஊருக்குள் வந்தால்?" என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம். மறுநாள் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்.

2022: மாதிரிப் பரீட்சை அல்ல

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 2022 இல் இலங்கை வங்கிகளுக்கு வந்தது காகிதத்தில் எழுதிய சூழ்நிலையல்ல. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா அளவில். ஏப்ரல் 8 ஆந் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்ரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. நாட்டின் உற்பத்தி அவ்வருடம் 7 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கியது. ஒரு சோதனையாளர் இவை எல்லாவற்றையும் 2019 இல் ஒரே வினாத்தாளில் போட்டிருந்தால் "மிகைப்படுத்துகிறீர்கள்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கடன்களில் நெருக்கடி உடனே தெரிந்தது. நீண்டகாலம் கட்டப்படாத கடன்களின் பங்கு 2022 முடிவில் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2023 இல் மேலும் ஏறியது. ஆனால் வங்கிகளின் நெஞ்சில் கைவைத்தது வேறொன்று. இலங்கையின் வங்கிகள் தம் சொத்துக்களில் பெரும் பங்கை அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுத்திருந்தன: ரூபாவில் திறைசேரி உண்டியல்களும் முறிகளும், டொலரில் அரசாங்கம் வெளியிட்ட முறிகளும். அரசாங்கம் டொலர்க் கடனை நிறுத்தியபோது உள்ளூர் வங்கிகள் கையில் வைத்திருந்த டொலர் முறிகளும் நின்றன. வங்கிகள் அவற்றுக்கு நட்ட ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நமது ஐயக்கடன் ஏற்பாடு போலத்தான்; கடன்பெறுநர் மட்டும் அரசாங்கம்.

மீண்டும் 'அ' வங்கிக்குப் போவோம். கடுமையான சூழ்நிலைக்குப் பின் அதன் உரிமையாண்மை 4. நிறை பூச்சியம் என்று வைத்த 30 மில்லியன் முறிகளின் பெறுமதி 10 சதவீதத்தால் குறைந்தால் நட்டம் 3. உரிமையாண்மை 1. 20 சதவீதத்தால் குறைந்தால் நட்டம் 6. உரிமையாண்மை மறைப் பெறுமானம் 2. வங்கி முறிந்துவிட்டது. 60 மில்லியன் ஆபத்தான கடனால் சாகாத வங்கி 30 மில்லியன் ஆபத்தில்லாத முறியால் செத்துவிடுகிறது. அந்தப் பூச்சியத்தின் கதை இதுதான்.

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. 2023 ஜூன் மாத இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாட்டின் வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடப்பட்டிருந்தன. வியாழன் 29 ஹஜ் பெருநாள். வெள்ளி விசேட விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் ஜூலை 3 பௌர்ணமி. மக்கள் அவசரப்பட்டுப் பணத்தை எடுக்காதபடி ஆட்சியாளர்கள் அந்த இடைவெளியைப் பயன்படுத்தினார்கள். திட்டத்தில் வங்கிகள் வைத்திருந்த ரூபாத் திறைசேரி முறிகளில் கைவைக்கப்படவில்லை. கடன் நட்டங்களையும் உயர்ந்த வரியையும் சுமக்கும் வங்கிகள் இதையும் தாங்கா, வைப்பாளர்களைப் பாதிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் சுமை எங்காவது இறங்கத்தானே வேண்டும்? அது ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளில் இறங்கியது. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்புக்குக் கிடைக்கக்கூடிய வட்டி குறைக்கப்பட்டது. வைப்பாளரைக் காப்பாற்றியது சரிதான். வங்கிகளிடம் மெத்தை தடிப்பாக இருந்திருந்தால் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் சேமலாபத்திடம் இவ்வளவு கேட்டிருக்க வேண்டியதில்லை என்பது எனது அபிப்பிராயம்.

2023 மார்ச் 20 ஆந் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவித் திட்டத்தை அங்கீகரித்தது. அதனுடன் சேர்ந்த வேலைகளில் ஒன்று பெரிய வங்கிகளின் சொத்துத் தர மீளாய்வு. வங்கித்துறைச் சொத்துக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வைத்திருக்கும் ஒன்பது வங்கிகள் இதில் அடங்கின. சோதனைக்கு முன் இந்த மீளாய்வு ஏன் தேவை? வங்கி தன் ஏட்டில் 60 என்று எழுதிய கடன் உண்மையில் 60 தானா என்று பார்க்காமல் சோதனையைத் தொடங்கினால் தொடக்க எண்ணே பிழை. 2020 இல் கொவிட் காலத்தில் தவணை கட்டுவதற்குச் சலுகை கொடுக்கப்பட்டதால் பல கடன்கள் நல்ல கடன்கள் போலவே தெரிந்தன. மீளாய்வின் பின்னர், 2024 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபா முன்மொழியப்பட்டது. 'அ' வங்கியின் 2.75 மில்லியனுக்கு நாட்டளவிலான உருவம் இது என்று கொள்ளுங்கள்.

சொத்து உண்டு, காசு இல்லை

மூலதனம் போதுமானதாக இருந்தும் வங்கி விழலாம். இதை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். மூலதனம் என்பது நட்டத்தைத் தாங்கும் சக்தி. திரவத்தன்மை என்பது கேட்டவுடன் காசு கொடுக்கும் சக்தி. ஒருவரிடம் பத்து ஏக்கர் வயல் இருக்கலாம். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நிற்கலாம்.

2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி மக்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீழ்ந்தது. அது சார்ந்திருந்த அதே வர்த்தகக் குழுமத்தில் செலான் வங்கியும் இருந்தது. வங்கி வேறு, கம்பனி வேறு. ஆனால் வரிசையில் நிற்பவர் அதைக் கேட்கவில்லை. பலர் வைப்புக்களை மீளப் பெற்றார்கள். அம்மாத இறுதியில் மத்திய வங்கி தலையிட்டு முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வங்கி நிலைத்துவிட்டது, இன்றும் இயங்குகிறது. 2002 ஒக்டோபரில் நிறுத்தப்பட்ட பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதன் வைப்பாளர்கள் தம் பணத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆகவே சோதனையில் இன்னொரு பகுதியும் உண்டு. 'அ' வங்கியின் வைப்பாளர்களில் 15 சதவீதமானோர் ஒரே கிழமையில் பணத்தைக் கேட்டால் 13.65 மில்லியன் வேண்டும். காசு 10 தான். மீதிக்கு முறிகளை விற்க வேண்டும். விலை இறங்கிய நேரத்தில் விற்றால் நட்டம். நட்டம் மூலதனத்தைத் தின்னும். திரவத்தன்மைப் பிரச்சினை மூலதனப் பிரச்சினையாக மாறும் வழி இதுவே. சிலிக்கன் வலி வங்கியில் ஒரே நாளில் வைப்பாளர்கள் கேட்ட தொகை 42 பில்லியன் டொலர்.

இதனால்தான் பெறுபேறுகளை வெளியிடுவதிலும் தயக்கம். அமெரிக்கா வங்கியின் பெயரோடு வெளியிடுகிறது. நமது மத்திய வங்கி தனது நிதியியல் உறுதிப்பாட்டு மீளாய்வில் முறைமை முழுவதையும் பற்றிப் பேசுகிறது. "தவறிய வங்கி" என்று பெயர் வந்தால் மறுநாள் காலை வரிசை நிற்கும் என்ற பயம் நியாயமானதே. 2010 முதல் இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் உள்ளது. 2021 முதல் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை அது காப்பளிக்கிறது. சிறிய வைப்பாளர் வரிசைக்கு ஓட வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைத் தருவது அதன் நோக்கம். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்; பலருக்கு இது தெரியாது. உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளுக்குமே இது பொருந்தும். உரிமம் இல்லாமல் கூடிய வட்டி தருவதாகப் பணம் வாங்குபவருக்குப் பொருந்தாது.

பயிற்சி

'ஆ' வங்கியின் விபரங்கள் (ரூபா மில்லியனில்): காசு 8, திறைசேரி முறிகள் 22, கடன்கள் 50, வைப்புக்கள் 72, உரிமையாண்மை 8. கடன்களின் நிறை 100 சதவீதம், ஏனையவற்றுக்குப் பூச்சியம். பொருளாதார வீழ்ச்சியில் கடன்களில் 10 சதவீதம் கெடுகிறது; அதில் 40 சதவீதமே மீட்கப்படுகிறது. அவ்வருட இலாபம் இல்லை.

(அ) வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் மூலதனப் போதுமை விகிதத்தைக் கணிக்குக.
(ஆ) 12.5 சதவீதத்தைப் பேணச் சேர்க்க வேண்டிய மூலதனம் எவ்வளவு?
(இ) அதன் பின் முறிகளின் பெறுமதி எத்தனை சதவீதம் குறைந்தால் உரிமையாண்மை முற்றாக இல்லாமற் போகும்? (புதிய மூலதனம் சேர்க்கப்படவில்லை எனக் கொள்க.)

விடைகள்: (அ) 16 சதவீதம், நட்டம் 3 என்பதால் 5 ÷ 47, அதாவது 10.6 சதவீதம். (ஆ) 5.875 − 5 = 0.875 மில்லியன், அதாவது 875,000 ரூபா. (இ) 5 ÷ 22, அதாவது ஏறத்தாழ 22.7 சதவீதம்.